அந்தச் சீட்டைக் கேளுங்கள்

அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும்,



உங்கள் குழு கூடும் நாளில் என்னென்ன பேசுவீர்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். சுற்றுச்சுவர், ஆசிரியர் காலியிடம், ஒழுகும் கூரை, ஆண்டுவிழாவுக்கு நாற்காலி வாடகை. எல்லாம் வேண்டியவைதான். பிள்ளைகளின் உடம்பைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் "அதுக்குத்தான் டாக்டர் வண்டி வருதே" என்று ஒரு குரல் எழும். உடனே அடுத்த பொருளுக்குப் போய்விடுவீர்கள். அந்த வண்டியில் செவிலியராகப் பல வருஷம் போய்வந்து இப்போது ஓய்வுபெற்றிருப்பவள் நான். வண்டி வருகிறது, உண்மை. அது போன பிறகு என்ன ஆகிறது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வண்டியின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2013-ல் நாடு முழுவதும் தொடங்கிய 'ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம்' என்ற திட்டத்தில் வருவது அது. பெயரை யாரும் முழுசாகச் சொல்வதில்லை, ஆர்.பி.எஸ்.கே. என்றுதான் சொல்வோம். பிறந்த குழந்தை முதல் பதினெட்டு வயது வரை, பிறவிக் குறை, சத்துக்குறை, நோய், வளர்ச்சித் தாமதம் என்று முப்பது வகைக் கோளாறுகளைக் கண்டுபிடிப்பது அதன் வேலை. அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு முறை, பள்ளிக்கு ஒரு முறை. வருஷத்தில் ஒரு முறை என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஜூனில் வந்துபோனால் மறுபடி அந்தப் பிள்ளையை மருத்துவர் பார்ப்பது அடுத்த வகுப்பில்தான்.

அன்றைக்கு நாங்கள் செய்வது எடை, உயரம், கண் இமையைக் கீழே இழுத்து ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது, பல், காது, தோல், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப், சுவரில் எழுத்து அட்டை. சிரங்குக்கும் சளிக்கும் கையிலேயே மருந்து கொடுத்துவிடலாம். மாறுகண், காதில் சீழ், நெஞ்சில் மர்மர் சத்தம், ஒன்பது வயதாகியும் திருத்தமாக வராத பேச்சு, இதற்கெல்லாம் அங்கே வைத்தியம் கிடையாது. ஒரு சீட்டு எழுதுவோம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு, அல்லது அங்கேயுள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு. அந்தச் சீட்டைப் பிள்ளை ஜாமெட்ரி பாக்ஸில் மடித்து வைத்துக்கொள்ளும். எங்கள் வண்டி அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும்.

சீட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் அதுவே பெரிய காரியம். சேர்ந்தாலும் அப்பாவின் சட்டைப் பையில் இருந்து துவைப்பில் போகும், இல்லை டிவிக்கு மேலே மின்கட்டண அட்டைக்கு அடியில் கிடக்கும். பெற்றோர்களின் அலட்சியம் என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. மாவட்ட மருத்துவமனைக்குப் போவதென்றால் ஒரு நாள் கூலி போயிற்று. இரண்டு பஸ். போனால் ஓ.பி. சீட்டு எந்த ஜன்னலில், காது மூக்கு தொண்டை எந்த மாடியில் என்று யாரிடம் கேட்பது? "அந்த டாக்டர் செவ்வாய்க்கிழமைதான் வருவாரு" என்று திருப்பி அனுப்பினால் மறுபடி ஒரு கூலி, மறுபடி இரண்டு பஸ். வீட்டில் பிள்ளை ஓடியாடி விளையாடிக்கொண்டிருக்கிறது. எந்த வலியும் சொல்லவில்லை. இதற்குப் போய் ஏன் என்று எந்தத் தாய்க்கும் தோன்றும். பெண் பிள்ளையாக இருந்து, நெஞ்சில் சத்தம் கேட்கிறது என்று எழுதியிருந்தால் கேட்கவே வேண்டாம். பாட்டி வாயைப் பொத்திவிடுவாள், நாளைக்குக் கல்யாணம் பேசும்போது யாராவது கிளறுவார்கள் என்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பிள்ளைகளின் இதய அறுவை சிகிச்சைக்கு இடமுண்டு என்று அந்த வீட்டில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முகாம் அறிக்கையில் பரிசோதித்தவர் இத்தனை, பரிந்துரைத்தவர் இத்தனை என்று இருக்கும். போனவர் எத்தனை பேர் என்று உங்கள் பள்ளியில் யாராவது கேட்டிருக்கிறீர்களா?

இந்தக் கேள்வி இன்று புதிதாக வந்ததல்ல. 1897-ல் நியூயார்க் நகரம் பள்ளிகளுக்கு மருத்துவர்களை அனுப்பத் தொடங்கியது. கண்ணில் டிரக்கோமா, தலையில் பேன், தோலில் படர்தாமரை, சொறி என்று எது தெரிந்தாலும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒட்டிக்கொள்ளும் நோய் பள்ளியில் பரவக்கூடாது என்பது கணக்கு. வீட்டுக்குப் போன பிள்ளைக்கு வைத்தியம் பார்ப்பது யார் என்று யாரும் யோசிக்கவில்லை. அம்மாவும் அப்பாவும் வேற்றுநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள், சீட்டில் எழுதியிருந்த ஆங்கிலம் அவர்களுக்குப் புரியாது. பள்ளியிலிருந்து விரட்டப்பட்ட பிள்ளைகள் தெருவில் விளையாடின, சாயங்காலம் பள்ளி விட்டு வந்த பிள்ளைகளோடு.

லில்லியன் வால்ட் என்ற செவிலியர் அந்த நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் வேலை செய்துகொண்டிருந்தார். எங்கள் செவிலியர் ஒருவரை அனுப்புகிறோம், ஒரு மாதம் பாருங்கள் என்று நகராட்சியிடம் சொன்னார். 1902 அக்டோபரில் லீனா ராஜர்ஸ் என்ற கனடாக்காரப் பெண் நான்கு பள்ளிகளைக் கையில் எடுத்துக்கொண்டார். கண்ணைக் கழுவி மருந்து போடுவது, தலைக்குப் பேன் மருந்து, சிரங்குக்குக் களிம்பு எல்லாம் பள்ளியிலேயே. பிறகு பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய் அம்மாவிடம் எப்படிச் செய்வது என்று காட்டிவிட்டு வருவார். வேறு பெரிய மருத்துவம் ஒன்றும் இல்லை. நகராட்சி சீக்கிரமே மேலும் செவிலியர்களை வேலைக்கு எடுத்தது. 1902 செப்டம்பரில் பள்ளியிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட பிள்ளைகள் 10,567 பேர். அடுத்த வருஷம் அதே செப்டம்பரில் 1,101 பேர். மருத்துவர்கள் முன்பும் இருந்தார்கள். சீட்டுக்குப் பின்னாலேயே வீடு வரை நடந்துபோக ஓர் ஆள் கிடைத்ததுதான் வித்தியாசம்.

நம் நாட்டில் 1909-லேயே பரோடா நகரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை நடந்திருக்கிறது. முப்பத்தேழு வருஷம் கழித்து, ஜோசப் போர் தலைமையிலான சுகாதாரக் குழு பள்ளி சுகாதாரப் பணி இந்தியாவில் அநேகமாக இல்லை என்று எழுதியது. இன்றைக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் பள்ளிக்கு ஒரு செவிலியர் என்பது நம் பக்கத்து அரசுப் பள்ளிகளில் இன்னும் கனவுதான். அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், குழுத் தீர்மானமாகவே எழுதி அனுப்புங்கள். அது வரும்வரை சீட்டுக்குப் பின்னால் நடக்க ஆள் வேண்டுமே. அதற்கு உங்களைத் தவிர யாரும் எனக்குத் தெரியவில்லை.

ஆசிரியர்கள் செய்யக்கூடாதா என்பீர்கள். எத்தனையைத்தான் அவர்கள் தலையில் ஏற்றுவது? மாணவர் விவரங்களை எமிஸ் தளத்தில் ஏற்றுவது, உயரம் எடை, உதவித்தொகை, வங்கிக் கணக்கு, தேர்தல் வேலை. சாயங்காலம் ஆனால் பஸ் பிடித்து நாற்பது கிலோமீட்டர் போகிறவர்கள் பலர். நீங்கள் அந்தத் தெருவிலேயே இருக்கிறீர்கள். கல்வி உரிமைச் சட்டம் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று வைத்ததற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தோன்றவில்லை. சாப்பாட்டு விஷயத்தில் தமிழ்நாடு தேறியதும் இப்படித்தான். பள்ளிச் சாப்பாடு 1920-ல் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது, 1956-ல் காமராஜர் காலத்தில் விரிந்தது, 1982-ல் சத்துணவு ஆனது, 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. இன்று கிராமங்களில் அந்தக் காலை உணவைச் சமைப்பது உள்ளூர் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். உப்புமாவில் உப்பு கூடினால் மறுநாளே தெருவில் கேட்பார்கள். மருத்துவத்துக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லை.

கண்ணாடியை எடுத்துக்கொள்வோம், நான் அதிகம் மல்லுக்கட்டியது அதோடுதான். கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்குத் தனக்குப் பார்வை குறைவு என்றே தெரியாது. எல்லாருக்கும் உலகம் இப்படித்தான் தெரியும்போல என்று இருந்துவிடும். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதும், காப்பி அடிக்கிறான் என்று அடி விழும். ஆறு மீட்டர் தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடி, அட்டையில் எழுத்துப் படிக்கச் சொன்னால் கதை தெரிந்துவிடும். நம் மாநிலத்தில் 'கண்ணொளி காப்போம்' திட்டத்தில் இலவசமாகக் கண்ணாடியும் கிடைக்கிறது. கொடுத்த அன்று போட்டோ எடுப்பார்கள். அடுத்த மாதம் அதே பள்ளிக்குப் போய்ப் பாருங்கள், எத்தனை மூக்கில் கண்ணாடி இருக்கிறது என்று.

"சோடாபுட்டி" என்று முதல் நாளே ஒருவன் கூப்பிட்டிருப்பான். கம்பி காதை அறுக்கும். பிரேம் முகத்துக்குப் பெரிசு. விளையாட்டில் ஒரு பக்கக் கம்பி உடைந்திருக்கும், ஒட்டுவதற்கு யாரும் டவுனுக்குப் போயிருக்க மாட்டார்கள். பெண் பிள்ளை என்றால் அம்மாவே வாங்கிப் பீரோவில் வைத்திருப்பாள், முகத்தில் தழும்பு விழும் என்று. கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்ற நம்பிக்கை வேறு. அது தவறு. வளர்கிற வயதில் கண் வளர்வதால் பவர் கூடும், போட்டாலும் கூடும், போடாவிட்டாலும் கூடும். போடாத பிள்ளைக்குப் பாடம் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் வருஷம் ஒருமுறை மறுபடி சோதிக்கவும் வேண்டும்.

இதில் ஒரு மருத்துவரும் செய்ய முடியாததை நீங்கள் செய்யலாம். உங்களில் கண்ணாடி போட்டவர் ஒருவர் வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுங்கள். வகுப்பாசிரியரிடம் சொல்லிக் கண்ணாடிப் பிள்ளையை முன் பெஞ்சில் உட்கார வையுங்கள். டவுனுக்குப் போகிற யாரிடமாவது உடைந்த கண்ணாடிகளை மொத்தமாகக் கொடுத்துக் கம்பி மாற்றி வாங்கிவரச் சொல்லுங்கள். இருநூறு முந்நூறு ரூபாயில் முடிகிற காரியம்.

அடுத்து வியாழக்கிழமை மாத்திரை. ஆறாம் வகுப்பு முதல் வாரம் ஒரு நீல மாத்திரை, இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும். ஏன் என்று கேட்கிறவர்களுக்கு ஒரே எண்: 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் ரத்தசோகை உள்ளவர்கள். தாய்மார்களே, நீங்களும் அந்தக் கணக்கில் இருக்கலாம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை வேலைக் களைப்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம். வகுப்பில் மதியம் தலையைக் கவிழ்த்துத் தூங்கும் பெண்ணைச் சோம்பேறி என்கிறார்கள்.

மாத்திரையைக் குப்பைத்தொட்டியிலும் ஜன்னலுக்கு வெளியேயும் நான் பொறுக்கியிருக்கிறேன். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், வயிறு வலிக்கும். ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் பார்த்துக்கொண்டிருந்த பத்துப் பிள்ளைகளுக்கும் குமட்டும், அன்றோடு அந்தப் பள்ளியில் மாத்திரை செத்தது. சத்துணவு சாப்பிட்ட பிறகு கொடுத்தால் பாதிச் சிக்கல் தீரும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை, இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மாத்திரை போட்டதும் டீ குடித்தால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. கூடவே ஒரு நெல்லிக்காய் கிடைத்தால் நல்லது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் பூச்சி மாத்திரையும் இதோடு சேர்ந்ததுதான். கொக்கிப்புழு ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கும்போது இரும்பை மட்டும் போட்டு என்ன பயன்? அந்த மாத்திரையை மென்று தின்னச் சொல்லுங்கள், அப்படியே விழுங்கக்கூடாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2023 மார்ச்சில் உதகமண்டலத்தில், யார் அதிகம் விழுங்குகிறார்கள் என்று போட்டி போட்டுக்கொண்டு சத்து மாத்திரைகளை அளவுக்கு மீறிச் சாப்பிட்ட மாணவிகளில் ஒரு சிறுமி இறந்துபோனாள். சத்து மாத்திரைதானே என்ற நினைப்பு வேண்டாம். அளவு மீறினால் இரும்பு கல்லீரலைத் தாக்கும். மாத்திரை டப்பா பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும், ஆசிரியர் ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்துத் தன் முன்னாலேயே சாப்பிட வைக்க வேண்டும், வகுப்புத் தலைவனிடம் அட்டையைக் கொடுத்தனுப்பக்கூடாது. அலமாரிக்குப் பூட்டு இருக்கிறதா, சாவி யாரிடம் என்று உங்கள் அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வேலை. பள்ளிக்குப் போனால் நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போய் நாற்காலியில் உட்காராதீர்கள். முதலில் பெண் பிள்ளைகளின் கழிவறைக்குப் போங்கள். எட்டிப் பார்த்துவிட்டு வருவது போதாது, உள்ளே போய்ப் பயன்படுத்துங்கள். தாழ்ப்பாள் உள்ளிருந்து விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, நாப்கின் போட மூடியுள்ள வாளி இருக்கிறதா, கைகழுவ சோப்பு இருக்கிறதா? ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். 'புதுயுகம்' திட்டத்தில் நாப்கின் கொடுக்கிறார்கள். அதை மாற்றுவதற்கு ஒரு கதவில்லாத பள்ளியில் அந்தப் பெண் மாதத்தில் மூன்று நாள் வீட்டில்தான் இருப்பாள்.

வீட்டில் இருப்பதுகூடத் தெரிந்துவிடும், வருகைப் பதிவேட்டில் விழும். தெரியாதது ஒன்று உண்டு. பெண் பிள்ளைகள் காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிவரை தண்ணீரே குடிக்காமல் இருக்கக் கற்றுக்கொள்கிறார்கள். குடித்தால் போக வேண்டுமே. மதியத்துக்கு மேல் தலைவலி, சிறுநீர் போகும்போது எரிச்சல், அடிவயிற்றில் வலி, காய்ச்சல் என்று எங்களிடம் வந்த பெண்களிடம் நான் முதலில் கேட்டது "ஸ்கூல்ல பாத்ரூம் போவியா?" என்பதுதான். பெரும்பாலும் சிரிப்புதான் பதில். கேரளத்தில் 2019-ல் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கத் தொடங்கினார்கள், இங்கும் அது வந்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. மணிச் சத்தம் கேட்டுப் பாட்டிலைத் திறக்கிற பிள்ளைக்கு நம்பிப் போக ஒரு கழிவறை வேண்டும். பல ஊர்களில் தூய்மைப் பணியாளரின் சம்பளம் மாதக்கணக்கில் தள்ளிப்போகிறது, சம்பளம் வராத ஆளிடம் எதைக் கேட்பது? ஊராட்சித் தலைவரிடம் இதைப் பேச ஆசிரியர் தயங்குவார். நீங்கள் ஓட்டுப் போட்டவர்கள்.

தடுப்பூசி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போடும் டி.டி. ஊசியை விட்டுவிடாமல் பாருங்கள். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் கிளம்பிய புரளியில் நம் ஊர்ப் பெற்றோர்கள் பள்ளிக்கே பிள்ளைகளை அனுப்பவில்லை, முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. எங்கள் வெள்ளைக் கோட்டைவிட, "என் பிள்ளைக்குப் போட்டாச்சு" என்று ஒரு தாய் சொன்னது அன்றைக்கு அதிகம் வேலை செய்தது. அடுத்தது புகையிலை. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் பீடி, சிகரெட், புகையிலை எதுவும் விற்கக்கூடாது என்பது 2003-ஆம் வருஷத்துச் சட்டம். உதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்ளும் அந்தச் சின்னப் பொட்டலம் எந்தக் கடையில் கிடைக்கிறது என்று எட்டாம் வகுப்புப் பையன்களுக்குத் தெரிகிறது, உங்களுக்கும் தெரியும். கடைக்காரர் சொந்தக்காரராக இருந்தால் பேசுவது சுலபமா கஷ்டமா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

இனி செய்ய வேண்டியது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முகாம் நடக்கும் அன்று குழுவிலிருந்து இரண்டு பேர் கட்டாயம் பள்ளியில் இருங்கள். சீட்டு எழுதப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோட்டில் ஒரு வரி: பெயர், வகுப்பு, எங்கே போக வேண்டும், எந்தக் கிழமை, யாரைப் பார்க்க வேண்டும். கிழமையையும் மாடியையும் அன்றே எங்கள் ஆட்களிடம் கேட்டுவிடுங்கள், பதில் வாங்காமல் விடாதீர்கள். ஒரே மருத்துவமனைக்குப் போக வேண்டிய பிள்ளைகளை ஒரே நாளில் சேர்த்து அனுப்புங்கள். எல்லாத் தாய்மாரும் போக வேண்டியதில்லை, இரண்டு பேர் ஐந்து பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம், பெற்றோரின் சம்மதத்தை எழுதி வாங்கிக்கொண்டு. அறுவை சிகிச்சை என்று வந்தால் மட்டும் பெற்றோர் கூடவே இருக்க வேண்டும், அன்றைய கூலிக்கு ஊரில் ஒரு வழி செய்யுங்கள். கிராம சுகாதாரச் செவிலியரின் போன் நம்பர் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். மருத்துவச் சந்தேகத்துக்கு 104, பள்ளி தொடர்பாக 14417, பிள்ளைக்கு வேறு ஆபத்து என்றால் 1098. மாதக் கூட்டத்தில், பிள்ளை போய்வந்து எத்தனை வரி அடிக்கப்பட்டது, எத்தனை மிச்சம் என்று மட்டும் பேசுங்கள்.

எண்ணை மட்டும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெயர்களைக் கூட்டத்தில் படிக்காதீர்கள். வலிப்பு வரும் பிள்ளை, படுக்கையில் சிறுநீர் போகும் பிள்ளை, இன்னும் வயதுக்கு வராத பெண், நெஞ்சில் சத்தம் உள்ள பெண் இவர்களுடைய சங்கதி நோட்டை வைத்திருக்கும் இருவரோடு நிற்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டால் அடுத்த முகாமில் எந்த வீடும் வாயைத் திறக்காது. நோட்டை வீட்டுக்கு எடுத்துப்போகாமல் மாத்திரை டப்பா இருக்கும் அந்தப் பூட்டிய அலமாரியிலேயே வையுங்கள். குழு மாறும்போது புதியவர்களிடம் நேரில் கொடுங்கள், மிச்சமிருக்கும் வரிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி.

அன்புடன்,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்